உல்லன் குல்லாவுக்கு நான் எதிரி

போன வாரம் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் வந்தார். அவர் மகளுக்கு ஒன்பதாம் மாதம். கையில் ஒரு பை, அதற்குள் ரோஸ் நிறத்தில் நாலு உல்லன் உருண்டைகள்.

"டீச்சரம்மா, பொறக்கப்போற பிள்ளைக்குக் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் பின்னணும். நீங்க ஆரம்பிச்சுக் குடுத்தீங்கன்னா மிச்சத்தை நான் போட்டுக்குவேன்" என்றார்.

"இந்த நூல்ல வேணாம்மா. பருத்தி நூல் வாங்கிட்டு வா, உக்காந்து சொல்லித் தர்றேன்" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல நீங்கதானே டீச்சர் உல்லன்ல சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. வாசலில் நின்றபடி பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தையல் ஆசிரியையாக இருந்தேன். எத்தனை பெண்களுக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. குல்லா, பூட்டி, ஸ்வெட்டர், கதவுத் தோரணம், டிவி உறை என்று எல்லாமே உல்லனில்தான் செய்தோம். ரெக்கார்டு நோட்டில் மாதிரித் துண்டுகள் ஒட்டி மதிப்பெண்ணும் போட்டேன். ஆகவே குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது நான்தான். என்னை நிற்க வைத்த பிறகுதான் மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் பெயரிலேயே பொய் இருக்கிறது. கீழ ராஜவீதியிலோ உங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலோ "உல்லன்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் அநேகமாக ஆட்டு ரோமம் ஓர் இழைகூடக் கிடையாது. லேபிள் ஒட்டியிருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள், அக்ரிலிக் என்று இருக்கும். அக்ரிலிக் என்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் ரசாயனத்தில் செய்யும் இழை. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1950இல் ஆர்லான் என்ற பெயரில் இதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. கம்பளி போலத் தெரிய வேண்டும், கம்பளியைவிட மலிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பிளாஸ்டிக் குடத்தைப் பித்தளைக் குடம் என்று யாரும் சொல்வதில்லை. இதை மட்டும் உல்லன் என்கிறோம்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி ஓரமாக, ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். நிஜக் கம்பளி என்றால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், நெருப்பை விலக்கினால் தானே அணையும், சாம்பலை விரலால் பொடிக்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கடை உல்லன் உருகும், சொட்டும், ஆறியபின் கறுப்பு மணி போலக் கெட்டியாக நிற்கும். அந்த மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதையா குழந்தை தலையில் போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் யோசித்தேன், பணி ஓய்வுக்குப் பிறகு.

அடுத்தது வியர்வை. நிஜக் கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், தொட்டால் நனைந்தது போலவும் தெரியாது. பருத்தியும் ஈரத்தை இழுக்கும். சாதாரணக் காற்றில் அதன் எடையில் ஏழெட்டுச் சதவீதம் ஈரம் இருக்கும். அக்ரிலிக்கில் இருப்பது ஒன்று, இரண்டு சதவீதம்தான். அதாவது குழந்தையின் வியர்வையை அது குடிக்காது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 38, 39 டிகிரிக்கு ஏறுகிறது. ஃபேன் காற்றே அனலாக வரும் மாதத்தில், தலையில் பிளாஸ்டிக் குல்லா, காலில் பிளாஸ்டிக் சாக்ஸ். பெரியவர்களாகிய நாம் மேல்துண்டைக்கூட உதறிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பேச முடியாத பிள்ளைக்கு மட்டும் குளிருமாம்.

என் பேத்தி பிறந்ததும் ஒரு வைகாசியில்தான். பதினோரு நாள் உட்கார்ந்து மஞ்சள் நிறத்தில் குல்லா பின்னினேன், காது மூட மடல் வைத்து, உச்சியில் பந்து வைத்து. பார்க்க வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். பிள்ளை ஓயாமல் அழுதது. பசி என்றோம், வயிற்று வலி என்றோம், கண்ணேறு என்று சுற்றிப் போட்டோம். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் குல்லாவைக் கழற்றினார். நெற்றி ஓரமும் காதோரமும் பிடரியும் வேர்க்குரு. கழற்றிய கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. அந்தக் குல்லா இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. எனக்கு நானே பாடம் எடுக்க ஒரு மாதிரித் துண்டு வேண்டாமா?

இது ஒரு பாட்டியின் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022இல் வெளியிட்ட பாதுகாப்பான உறக்கம் பற்றிய வழிகாட்டுதலில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் உடலோடு பார்த்தால் தலை பெரிது. சூடு வெளியேறும் முக்கியமான வழி அது. அதை மூடினால் உடல் சூடேறும், தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறந்துபோவதற்கு அதிகச் சூடும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கவலை. பனி கொட்டும் ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள். நாம் அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் உட்கார்ந்துகொண்டு குல்லா பின்னுகிறோம்.

"காலங்காலமாகப் போடுவதுதானே?" என்பார்கள். எந்தக் காலம்? நம் பாட்டிமார் பிறந்த பிள்ளைக்கு என்ன போட்டார்கள்? துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். நூல் சேலையில் தூளி கட்டினார்கள். புதுத்துணிகூட உடனே போடவில்லை. கம்பளி நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. திருச்சி கருங்குறும்பை ஆட்டின் ரோமத்தைக் கத்தரித்து நெய்த கருங்கம்பளி இருந்தது. கிடை போடுகிறவர் மழைக்கும் மார்கழிப் பனிக்கும் தலையோடு போர்த்திக்கொள்வது அது. அவரும் வெயில் ஏறினால் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அதைப் போர்த்த யாருக்கும் தோன்றியதில்லை.

கைப்பின்னலும்கூட இந்த நாட்டில் உல்லனோடுதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது லேஸ் வேலை. ஆந்திரத்தின் நரசாப்பூர் பெண்கள் இன்றுவரை குரோஷா லேஸ் பின்னுவது பருத்தி நூலில். கோயம்புத்தூரும் ராஜபாளையமும் மதுரையும் நூல் ஆலைகளால் வளர்ந்த ஊர்கள். இப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, நம் பெண்பிள்ளைகளுக்கு ஊட்டிக்கும் சிம்லாவுக்கும் பின்னச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

"உல்லன் மலிவு, பருத்தி நூல் விலை கூட." உண்மை. ஏழைப் பிள்ளைகளிடம் வேறு நூல் வாங்கச் சொல்ல மனமில்லாமல்தான் நானும் அன்று உல்லனில் நின்றேன். ஆனால் ஒரு குல்லாவுக்கு எவ்வளவு நூல் ஆகிவிடும்? உருண்டையின் விலையைப் பைசா சுத்தமாகப் பார்க்கிறோம். ஒரு பெண் தன் வேலையெல்லாம் முடித்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த பதினோரு இரவுகளை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தனை உழைப்பைப் போடும்போது நூல் மட்டும் எதற்கு மட்டமாக இருக்க வேண்டும்?

"பேறுகால ஆஸ்பத்திரியிலேயே குல்லா கொண்டுவரச் சொல்கிறார்களே?" சொல்வார்கள், காரணத்தோடு சொல்வார்கள். பிறந்த ஈரம் காயும் முன் பிள்ளைக்குச் சூடு குறையும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் குறைமாதப் பிள்ளைக்கும் குல்லா அவசியம். அங்கே டாக்டரும் நர்ஸும் சொல்வதுதான் சட்டம், என் பேச்சு அல்ல. அந்தக் குல்லாவும் பருத்தியாக இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மார்கழி அதிகாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனால் போடுங்கள். திரும்பி வந்ததும் கழற்றுங்கள். பெங்களூரிலோ கனடாவிலோ பேரன் இருந்தால் நிஜக் கம்பளி நூல் வாங்கிப் பின்னி அனுப்புங்கள். குளிர் இருக்கும் ஊருக்குக் கம்பளி அழகுதான்.

குழந்தையோடு முடியவில்லை. பூஜை அறை வாசலில் உல்லன் தோரணம் தொங்குகிறது, கீழே குத்துவிளக்கு எரிகிறது. கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் வைத்து, மேலே இந்தத் தோரணத்தைப் புதிதாக மாட்டுகிறவர்களும் உண்டு. தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் சிலர் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க உல்லனில் சதுரம் பின்னிப் பரிசு கொடுக்கிறார்கள். சூடு தாங்காத நூலில் சூடு பிடிக்கும் துணி! பழைய பனியன் துண்டு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

உல்லனை அடியோடு ஒழிக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. விளக்கு இல்லாத ஹாலுக்குத் தோரணம், கைப்பை, பூங்கொத்து, கொலுவுக்கு அலங்காரம் என்று தாராளமாகச் செய்யுங்கள். தோலில் படுவதும் நெருப்பின் பக்கம் போவதும் மட்டும் பருத்தியில் இருக்கட்டும். இந்த ஒரு கோடு போதும். இன்று பள்ளிகளில் தையல் சொல்லித் தரும் பகுதிநேர ஆசிரியைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் சம்பளத்தின் நிலை எனக்குத் தெரியும், புதிதாக எதையும் சுமத்தவில்லை. ஊசி அதே ஊசி, பின்னல் அதே பின்னல். நூலை மட்டும் மாற்றுங்கள்.

பழக்கத்தை மாற்ற முடியாது என்று மட்டும் இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது இங்கே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சேலை கட்டிக்கொண்டு சைக்கிளா என்று சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பெண்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நூலை மாற்றுவதா கஷ்டம்?

நாலு வீடு தள்ளி இருக்கும் அந்தப் பெண் இதைப் படிப்பாரோ என்னவோ, அவருக்கு இது. பருத்தி நூலுக்கு உல்லன் போல இழுபடும் குணம் கிடையாது. அதனால் ஊசியை ஒரு நம்பர் பெரிதாக எடுத்து, கையைத் தளர்த்திப் பின்ன வேண்டும். உச்சியில் 6 கண்ணில் ஆரம்பித்து 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டு போகலாம். பந்து வேண்டாம், கட்டும் கயிறு வேண்டாம், கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். சாக்ஸ் என்றால் உட்பக்கம் ஒரு பிசிறுகூட இருக்கக்கூடாது, பிள்ளையின் கால்விரலில் நூல் சுற்றி இறுகிவிடும். பின்னி முடித்து ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு போடலாம்.

பிள்ளை பிறக்கப்போவது சித்திரையில். அதனால் குல்லா ஒன்று போதும், ஆஸ்பத்திரிக்கு. மிச்ச நூலில் உடம்பு துடைக்கச் சின்னச் சின்னத் துண்டுகள் பின்னுவோம். அது தினமும் உபயோகப்படும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். கோபம் தீர்ந்ததும் வாம்மா.