எண்ணிக் காட்டுவது எப்போது குற்றமாகிறது? கோலார் தங்கவயல் முதல் தலோஜா சிறை வரை

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டு கால் நூற்றாண்டு ஆகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை தோண்டப்பட்ட அந்த ஊரில் இன்று கண்ணில் படுபவை சயனைடு மண்மேடுகளும், நாள்தோறும் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லும் மக்களும்தான். எனினும், மனித உரிமைப் பணி எங்கிருந்து தொடங்குகிறது, அதற்கு அதிகாரம் எப்படிப் பதிலளிக்கிறது என்பதற்கு இந்த ஊர் ஒரு தெளிவான சான்றைத் தந்திருக்கிறது.

2016ஆம் ஆண்டு ராமன் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன், 1966இல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவரது பெற்றோர் அங்கே துப்புரவுப் பணியில் ஈடுபட்டிருந்தனர். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்த உலர் கழிப்பறைகளின் கழிவை மனிதர்களே கையால் அள்ளி வாளியில் சுமந்து அகற்றினர். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் முறையைத் தடை செய்து 1993இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் பிறகும் அந்தக் கழிப்பறைகள் இடிக்கப்படவில்லை. அப்படி எதுவும் தங்கள் ஊரில் இல்லை என்பதே நிர்வாகத்தின் நிலைப்பாடாக இருந்தது.

வில்சன் செய்த வேலை எளிமையானது. உலர் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டினார்; புகைப்படம் எடுத்தார். சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்போவதாக நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதி, பிரதமருக்கும் அனுப்பினார். படங்கள் நாளிதழில் வெளியாகி, விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்ற பின்னர் நிர்வாகம் அவசரக் கூட்டம் நடத்தியது. உலர் கழிப்பறைகள் நீரடைப்புக் கழிப்பறைகளாக மாற்றப்பட்டன; துப்புரவுப் பணியாளர்கள் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டனர். இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற இயக்கம் உருவாயிற்று.

மறுப்பு என்னும் முதல் கட்டம்

அந்த இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தபோதும் இதே நிலைதான். தங்கள் எல்லைக்குள் இத்தொழில் இல்லை என்று மாநில அரசுகள் மறுக்க, இருக்கிறது என்பதற்கான ஆதாரங்களை ஊர் ஊராகத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பு மனுதாரர்கள் மீது விழுந்தது. 11 ஆண்டுகளுக்குப் பின், 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. கழிவுநீர்க் குழாய்களில் இறங்கி உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

அரசுகள் மக்களை எண்ணுவதில் தயக்கம் காட்டுவதில்லை. 1930இல் கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆனால், மக்கள் திரும்பி நின்று அரசின் தவறுகளை எண்ணத் தொடங்கும்போது அதிகாரத்துக்குப் பொறுமை குறைகிறது. மறுப்பது முதல் கட்டம். மறுப்பு எடுபடாத இடங்களில் அடுத்த கட்டமாக வழக்கும் சிறையும் வருகின்றன. அந்த அடுத்த கட்டத்தைச் சந்தித்தவர் ஒரு தமிழர்.

கைதிகளை எண்ணியவர் கைதியானார்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டேன் சுவாமி, இயேசு சபைப் பாதிரியார். 1970களின் நடுப்பகுதி முதல் பத்தாண்டுக்கும் மேலாகப் பெங்களூருவில் இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். பின்னர் ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களிடையே பணியாற்றினார். நிலம், காடு, சுரங்கம் தொடர்பான உரிமைகளுக்காகக் குரல் கொடுத்த ஆதிவாசி இளைஞர்கள் மாவோயிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பெருமளவில் சிறையில் அடைக்கப்படுவதைக் கண்டார். சிறைப்பட்டோரை எண்ணத் தொடங்கினார்.

2016இல் வெளியான அந்த ஆய்வுக்காகப் பேட்டி காணப்பட்ட 102 பேரில் மிகப் பெரும்பாலோர், மாவோயிஸ்டு இயக்கத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று கூறினர். இவர்களுக்கு விரைவான விசாரணை வேண்டும் என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் ஸ்டேன் சுவாமி பொதுநல வழக்கும் தொடர்ந்தார். 2018இல் பத்தல்கடி இயக்கம் தொடர்பான முகநூல் பதிவுகளுக்காக அவர் உள்ளிட்ட 20 பேர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. 2020 அக்டோபர் 8 அன்று, ராஞ்சி அருகே நாம்கும்மில் உள்ள பகைச்சா மையத்தில் தேசிய புலனாய்வு முகமை (என்ஐஏ) அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83.

2018 ஜனவரி 1 அன்று மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானில் நடந்த வன்முறையும், அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டமும் இவ்வழக்கின் அடிப்படை. வழக்கறிஞர், பேராசிரியர், கவிஞர், பாடகர் என 16 பேர் அடுத்தடுத்துக் கைது செய்யப்பட்டனர். ஸ்டேன் சுவாமி கடைசியாகக் கைதானவர். தாம் பீமா கோரேகானுக்குச் சென்றதே இல்லை என்றும், தமது கணினியில் இருந்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் தம்முடையவை அல்ல என்றும் கைதுக்கு இரு நாட்களுக்கு முன் பதிவு செய்த காணொலியில் அவர் தெரிவித்தார்.

நடுக்குவாத நோயால் கைகள் நடுங்கிய அவர், நீர் அருந்துவதற்கு உறிஞ்சுகுழலும் மூடியிட்ட குவளையும் கேட்டு 2020 நவம்பர் 6 அன்று சிறப்பு நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். பதிலளிக்க என்ஐஏ 20 நாள் அவகாசம் பெற்றது. அவற்றைத் தாங்கள் பறிமுதல் செய்யவில்லை என்று நவம்பர் 26 அன்று பதில் வந்தது. 2021 மார்ச்சில் அவரது ஜாமீன் மனு தள்ளுபடியானது. மே மாதம் தலோஜா சிறையிலிருந்து காணொலி வழியாக மும்பை உயர் நீதிமன்றத்தில் பேசிய அவர், தம் உடல்நிலை சீர்கெட்டு வருவதை எடுத்துரைத்து, தம் மக்களிடம் திரும்பிச் செல்ல இடைக்கால ஜாமீன் மட்டும் வேண்டினார். அதன் பின்னரே தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வரவிருந்த வேளையில், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.

அதே ஜூலை மாத இறுதியில், கடந்த ஐந்து ஆண்டுகளில் மனிதக் கழிவை அகற்றும் தொழிலால் எவரும் இறந்ததாகப் பதிவு இல்லை என்று மத்திய அரசு மாநிலங்களவையில் கூறியது. கழிவுநீர்த் தொட்டிகளில் நேரும் மரணங்கள் அந்த வரையறைக்குள் வராது என்பதே அரசின் விளக்கம். ஒரே மாதத்தில் இரு கட்டங்களும் அருகருகே நின்றன.

விசாரணையே இல்லாத தண்டனை

இவ்வழக்கில் தீர்ப்பு எதுவும் வராமலேயே ஒருவர் இறந்தார். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தனர். இதைச் சாத்தியமாக்குவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது உபா. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜாமீன் வழங்கக் கூடாது. ஜாமீன் கட்டத்தில் காவல் துறையின் ஆதாரங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதாரம் பொய்யா மெய்யா என்பதை விசாரணையில்தான் பார்க்க வேண்டும். விசாரணையோ தொடங்குவதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் சிக்கிக்கொள்ளும் சுழல் இதுதான்.

2018 முதல் 2020 வரையிலான மூன்று ஆண்டுகளில் உபா சட்டத்தின்கீழ் 4,690 பேர் கைது செய்யப்பட்டனர். அதே காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 149 பேர். இது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கு. ஒரே காலத்துக் கைதையும் தண்டனையையும் நேராக ஒப்பிட இயலாது என்பது உண்மைதான். ஆயினும், சிறைக்குச் செல்வோர் எத்தனை பேர், நீதிமன்றத் தீர்ப்பால் குற்றவாளி ஆவோர் எத்தனை பேர் என்ற இடைவெளியை அது காட்டுகிறது.

அரசுத் தரப்பின் வாதத்தையும் கவனிக்க வேண்டும். மாவோயிஸ்டு வன்முறையில் காவலர்களும் கிராம மக்களும் பெருமளவில் உயிரிழந்திருக்கிறார்கள். தடை செய்யப்பட்ட அமைப்புக்கு நகரங்களிலிருந்து உதவி செய்வோரை விசாரிக்க அரசுக்குக் கடமை உண்டு. ஸ்டேன் சுவாமி அந்த அமைப்பின் உறுப்பினர் என்றே என்ஐஏ கூறியது. அவரது ஜாமீனை மறுத்ததும் நீதிமன்றமே. சட்டமீறலுக்கு எதிராகவே நடவடிக்கை எடுக்கப்பட்டது, உரிமைகளுக்கு எதிராக அல்ல என்று வெளியுறவு அமைச்சகம் அவரது மறைவுக்குப் பின் விளக்கமளித்தது.

ஆனால், இந்த வாதம் முழுமையும் ஆதாரத்தின் வலிமையையே நம்பி நிற்கிறது. ஸ்டேன் சுவாமியின் கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற மின்னணுத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. இத்தகைய அறிக்கைகளை என்ஐஏ ஏற்கவில்லை. இரண்டில் எது சரி என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் நீதிமன்றம். 2025 ஜனவரியில் ரோனா வில்சனுக்கும் சுதீர் தவாலேவுக்கும் ஜாமீன் அளித்தபோது, ஆறரை ஆண்டுகள் கடந்தும் விசாரணை தொடங்கவில்லை, சாட்சிகளோ 300 பேருக்கும் மேல் என்று மும்பை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

செய்ய வேண்டியவை

தீர்வுகள் தெரியாதவை அல்ல. விசாரணை நெடுங்காலம் தாமதமானால் உபா வழக்கிலும் ஜாமீன் வழங்கலாம் என்று 2021 பிப்ரவரியில் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், 2024 பிப்ரவரியில் மற்றோர் அமர்வு இச்சட்டத்தில் சிறையே விதி என்றது; அதே ஆண்டு ஆகஸ்டில் வேறோர் அமர்வு, சிறப்புச் சட்டங்களிலும் ஜாமீனே விதி என்றது. ஒருவரின் சுதந்திரம் அவரது மனு எந்த அமர்வின் முன் செல்கிறது என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. இத்தனை காலத்துக்குள் விசாரணை தொடங்காவிட்டால் ஜாமீன் உறுதி என்ற வரம்பைச் சட்டத்திலேயே எழுதலாம். வழக்குத் தொடர அனுமதி தருமுன் ஆதாரங்களை மறுஆய்வு செய்யும் அதிகாரி, அரசால் நியமிக்கப்படாத சுதந்திரமான ஒருவராக இருக்கலாம். மின்னணு ஆதாரம் பற்றி ஐயம் எழுந்தால், நடுநிலையான ஆய்வை ஜாமீன் கட்டத்திலேயே கோர வழி செய்யலாம்.

இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5.73 லட்சம் பேரில் சுமார் 76 சதவீதத்தினர் விசாரணைக் கைதிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இந்தக் கணக்கு, ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் எழுப்பிய கேள்வி ஒரு மாநிலத்தோடு முடிவதல்ல என்பதைச் சொல்கிறது. அவரைச் சிறையில் அடைத்ததால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை.

கோலார் தங்கவயலில் நிர்வாகம் முதலில் மறுத்தது. பிறகு, புகாரளித்தவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசி, கழிப்பறைகளை மாற்றியது. அதனால் எந்த நிறுவனமும் வீழ்ந்துவிடவில்லை. சில குடும்பங்களின் கையிலிருந்து வாளி இறங்கியது. குறையை எண்ணிக் காட்டுபவரின் கணக்கைச் சரிபார்ப்பதா, அவரையே அடைத்துவைப்பதா என்ற தெரிவு ஒவ்வோர் ஆட்சியின் முன்னும் இருக்கிறது. முதல் வழி நடக்கக்கூடியதே என்பதற்கு அந்த ஊர் சாட்சி.