ஜீப்பின் கூரைக்கு உள்ளேயும் ஒரு விதி வேண்டும்

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரியான ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்குகிறவர்களில் பலர் அதை ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓட்டுவதில்லை. டயரிலும் விளக்கிலும் பம்பரிலும் தொடங்கிய மாற்றம் இப்போது வண்டிக்குள் நுழைந்து, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. கூரையின் உட்புறத்தில் பொருத்தும் சாமான் பலகையைச் சொல்கிறேன். வரிசையாகத் துளை வெட்டிய இரும்பு அல்லது அலுமினியத் தகடு அது. துளைகளில் பட்டை கோத்து டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி, ஸ்பேனர், மடக்கு மண்வெட்டி என்று எதையும் கட்டித் தொங்கவிடலாம். அமெரிக்க ராணுவத்தினர் முதுகுப் பையிலும் கவசச் சட்டையிலும் சாமான் மாட்டிக்கொள்ள உருவான முறை, காட்டுவழிப் பயணப் பிரியர்களின் வண்டிகள் வழியாக நம் ஊர் ஆக்சசரீஸ் கடைகளுக்கும் வந்திருக்கிறது. இடம் மிச்சமாகிறது, பார்க்கவும் மிடுக்காக இருக்கிறது. ஆனால் எந்தச் சோதனைக்கும் உட்படாத ஓர் உலோகத் தகட்டைச் செல்ஃப் ஸ்க்ரூ முடுக்கி ஆட்களின் தலைக்கு மேல் நிறுத்துவது அலங்கார வேலை அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அரசு இதற்கு எழுத்தில் ஒரு விதி கொண்டுவர வேண்டும். அதுவரை, துளை போட்டு மாட்டும் உலோகப் பலகைகளைக் கடைகள் பொருத்தவே கூடாது.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரும் வேகம் என்றே எண்ணாத வேகம். அந்த வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் ஒரு ஸ்பேனர், மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுந்தால் என்ன வேகத்தில் தரையைத் தொடுமோ அதே வேகத்தில் முன்னால் பாயும். கட்டியிருந்தாலும் நிம்மதி இல்லை. நேர் மோதலில் வண்டிக்குள் உண்டாகும் வேகக்குறைவு புவியீர்ப்பின் 20 மடங்கை எளிதில் எட்டிவிடும். தகடும் சாமானும் சேர்ந்து 10 கிலோ என்றால், அந்தக் கணத்தில் திருகுகளை இழுப்பது 200 கிலோ. மெல்லிய தகட்டில் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து நிற்கும் திருகு அதைத் தாங்குமா என்று பொருத்துகிற இடத்தில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தகடு விழாமல் நின்றாலும், தலை போய் அதில் மோதுவதற்கு விபத்துகூடத் தேவையில்லை. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கி ஏறினாலே ஆள் இருக்கையிலிருந்து எழும்பிவிடுவார். முன்பு அங்கே துணி போர்த்திய கூரை இருந்தது, இப்போது உலோக விளிம்பும் கொக்கியும் இருக்கின்றன. இவ்வகை வண்டிகள் கவிழக்கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம். ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், உயரமோ 1,720. அப்படிப்பட்ட வண்டியின் உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அதன் எடை மையத்தை மேலே தள்ளுகிறது.

பெல்ட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சீட் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். பின் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை. குழந்தைகளை உட்கார வைப்பதும் அங்கேதான். பெல்ட் அணிந்தவருக்கும் வண்டி கவிழும்போது தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி சட்டென்று சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் கூரையில் தலை மோதும் ஆபத்தை உணர்ந்துதான் 1995-இல் விதியைக் கடுமையாக்கினார்கள். முன்பக்க ஏர்பேக் இருந்தாலும் கூரை ஓரச் சட்டத்திலும் தூண்களிலும் தலை மோதிப் பலர் இறப்பதைக் கண்டு, தலை வடிவிலான பொம்மை ஒன்றை மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடங்களில் மோதவிட்டு, அடியின் கடுமை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். கார் நிறுவனங்கள் கூரை ஓரங்களுக்கு மெத்தை வைக்க நேர்ந்தது அப்படித்தான். ஐரோப்பிய விதியோ, தலை படக்கூடிய இடத்தில் துருத்தும் விளிம்பின் வளைவு இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிற அளவுக்கு நுணுக்கமானது. இந்தியாவிலும் கார்களின் உட்புறப் பொருத்துகளுக்கு ஏஐஎஸ் 047 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. இத்தனை சோதனையையும் தாண்டி வெளியே வந்த கூரைக்கு அடியில், மறு வாரமே ட்ரில் போடுகிறோம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஆபத்து இரட்டிப்பு. அந்தப் பை மடிந்து ஒளிந்திருப்பது கூரை ஓரத்தில், பலகையைத் தாங்கத் திருகு இறங்கும் அதே இடத்தில். துளை பையைக் கிழிக்கலாம், பலகை அது விரியும் வழியை மறிக்கலாம். விரிகிற பையே பலகையில் உள்ள சாமானை முகத்தில் வீசலாம்.

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள கூனிமேட்டுப் பக்கம் வந்து பார்த்தால் இதில் இன்னொரு கோணம் தெரியும். கிழக்கே கடல், மேற்கே கழுவெளி ஏரி, வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் என்று மூன்று பக்கமும் உப்பு சூழ்ந்த நிலம் இது. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. பெயின்டும் துத்தநாகப் பூச்சும் காக்கிற வரைதான் வண்டியின் தகடு இரும்பாக நிற்கும். ட்ரில் போட்ட துளையின் விளிம்பில் அந்தக் காப்பு எதுவும் கிடையாது. இரவில் கூரையின் உட்பக்கம் பனிக்கும் ஈரத்தில் உப்பு கரைந்து அந்த விளிம்பில் இறங்குகிறது. அலுமினியப் பலகையை இரும்புத் திருகால் முடுக்கியிருந்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். மேலே துணி லைனிங் மூடியிருப்பதால் துரு கண்ணில் படாது. பொருத்திய அன்று உறுதியாக இருந்த திருகு இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. வண்டியைப் பழையதாக வாங்குகிற அடுத்தவருக்கு எங்கே தெரியப்போகிறது? கடலோர மாவட்டங்களில் துளை போடும் முறையையே ஏற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. ஆனால் உள் கூரைப் பலகை பதிவுச் சான்றின் எந்த விவரத்தை மாற்றுகிறது? ஒரு ஆர்டிஓ குற்றம் என்பார், இன்னொருவர் கண்டுகொள்ளமாட்டார். முன் பம்பரில் மாட்டும் புல் பாருக்கு இந்தக் குழப்பம் இல்லை. நடந்து செல்வோருக்கும் வண்டியில் இருப்போருக்கும் ஆபத்து என்று சொல்லி, 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு வெளிப்படையாகவே எழுதியது. உள் கூரைக்கும் அப்படி ஒரு தெளிவு வர வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. தாரின் கூரையில் நிறுவனமே ஸ்பீக்கர் வைத்திருக்கிறதே, பேருந்திலும் தலைக்கு மேல் சாமான் தட்டு இருக்கிறதே என்பார்கள். அந்த ஸ்பீக்கர் வண்டியின் வடிவமைப்பிலேயே இடம்பெற்றது, பின்னால் துளை போட்டு மாட்டியது அல்ல. பேருந்தில் தலைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள உயரம் ஜீப்பில் கிடையாது. இன்னொரு வாதம் கனமானது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து இந்தக் கடலோரத்தைப் புரட்டிப்போட்டது. அத்தகைய நாட்களில் தண்ணீரில் இறங்கக்கூடிய உயரமான வண்டி உயிர் காக்கும், அதில் கயிறும் டார்ச்சும் முதலுதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். உண்மைதான். அதற்காகத்தான் முழுத் தடை கேட்கவில்லை. கட்டுத் துணி, கையுறை, மழைச் சட்டை, வரைபடம் போன்ற மென்மையான, எடையற்ற பொருள்களைக் கூரைக்கடியில் வலைப் பையில் வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை. நிறுவனமே விட்டிருக்கும் கைப்பிடி போல்ட்டில் அந்த வலையைக் கட்டிக்கொள்ளலாம், ஏர்பேக் உள்ள ஓரத்தை மட்டும் தொடக் கூடாது. இரும்பும் கனமும் பின் இருக்கைக்குப் பின்னால், தரையோடு, கொக்கியில் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். ஸ்ப்ரே டப்பாவையும் பவர் பேங்க்கையும் வெயிலில் கொதிக்கும் கூரைக்கடியில் வைப்பதை இன்றே நிறுத்திவிடலாம்.

விதி வந்தால் சோதனைச் சாவடியில் வசூல்தான் கூடும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வசூலுக்கு வழிவிடுவது இன்றைய தெளிவின்மைதான். எது குற்றம் என்று எழுதப்படாத இடத்தில் எல்லாமே பேரத்துக்கு உரியதாகிவிடுகிறது. அதிகபட்ச எடை, விளிம்பின் வளைவு, துளையில்லாப் பொருத்துமுறை, கடலோரத்துக்கு அரிப்பைத் தாங்குமா என்று பார்க்கும் உப்புநீர்த் தெளிப்புச் சோதனை ஆகியவற்றை நிர்ணயித்து, தேறிய பலகைக்கு முத்திரை எண் கொடுத்தால் உரிமையாளர் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். சோதனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மோதல் சோதனைக் கூடத்தோடு கூடிய உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே இருக்கிறது. செலவைப் பலகை தயாரிப்பவர் ஏற்க வேண்டும், அபராதமும் முதலில் முத்திரையில்லாப் பலகையை விற்றுப் பொருத்திய கடைக்கே போக வேண்டும். பொறுப்பு உரிமையாளரோடு நின்றுவிடக் கூடாது, ட்ரில்லைப் பிடித்த கையும் அதை ஏற்க வேண்டும்.