தீவாக நிற்கும் மலை

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு காத்திருப்பவர்களுக்கு நிழல் கிடைக்கிறதோ இல்லையோ, மலை கிடைத்துவிடும். வேலூர் சாலையில் எங்கே நின்று திரும்பினாலும் அண்ணாமலை கண்ணில் படும். கார்த்திகையில் தீபம் தெரிகிறதா என்று உச்சியைப் பார்ப்பவர்கள், சித்திரை வெயிலில் அதே மலையின் உடம்பைப் பார்த்தால் ஒன்று புரியும். சில இடம் மொட்டைப் பாறை. சில இடம் காய்ந்த புல். சில இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகப் பச்சை.

ஒரே மலை, ஒரே மழை, ஒரே வெயில். பிறகு ஏன் இந்தத் திட்டு? மண் எங்கே ஆழம், பாறை எங்கே செங்குத்து என்பது பாதி பதில். மீதிப் பதில் மனிதர்களிடம் இருக்கிறது. எங்கே விறகு வெட்டினார்கள், எங்கே ஆடு மேய்த்தார்கள், எங்கே தீ வைத்தார்கள், எங்கே யாரோ ஒருவர் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றினார் என்பதையெல்லாம் மலை இன்னும் மறக்கவில்லை.

கடல் இல்லாத தீவு

சமவெளிக்கு நடுவே திடீரென்று தனியாக எழுந்து நிற்கும் பாறை மலைக்கு நிலவியலில் ‘இன்செல்பெர்க்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘தீவு மலை’ என்று பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பரந்த சமவெளியில் இப்படிப்பட்ட மலைகளைப் பார்த்த வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர், 1900ஆம் ஆண்டு வாக்கில் வைத்த பெயர் அது. சுமார் 800 மீட்டர் உயரமுள்ள திருவண்ணாமலைக்கும் அந்தப் பெயர் அப்படியே பொருந்தும்.

தீவு என்று சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. கடலில் இருக்கும் தீவில் ஒரு மரம் அழிந்துபோனால், அதன் விதை கடல் தாண்டித்தான் திரும்பி வரவேண்டும். இங்கே கடலுக்குப் பதில் நெல் வயல், மல்லாட்டைக் கொல்லை, ஏரி, ரோடு, இப்போது பிளாட் போட்ட மனைகள். காட்டு மரத்தின் பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் போடும் பறவையும், பழந்தின்னி வௌவாலும் இதையெல்லாம் தாண்டி வந்தால்தான் மலையில் அந்த மரம் மறுபடி முளைக்கும். வழியில் உட்கார ஒரு மரம்கூட இல்லையென்றால் அந்தப் பயணம் நடப்பதில்லை.

முன்பு என்ன காடு?

சோழமண்டலக் கரையிலும் அதை ஒட்டிய குன்றுகளிலும் ஒரு தனி வகைக் காடு இருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைக்காடு என்பது அதன் பெயர். மழை குறைவு, வெயில் அதிகம், ஆனாலும் பெரும்பாலான மரங்கள் இலையை முழுக்க உதிர்க்காது. காசா, பாலை, கருங்காலி என்று உயரம் குறைந்த, தடித்த இலை கொண்ட மரங்களும், அவற்றைச் சுற்றிப் பின்னும் கொடிகளும் நிறைந்த காடு. அது எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோயில் காடுகளுக்குத்தான் போகவேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்று. அய்யனாருக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்டதால் அந்தக் காடு மிஞ்சியது. அதுவும் மனிதர்கள் எடுத்த முடிவுதான்.

அடுப்பும் கூரையும்

மலை யாரோ ஒரு வில்லனால் மொட்டையாகவில்லை. ஒவ்வொரு வீட்டு அடுப்பும் கொஞ்சம் எடுத்தது. கேஸ் சிலிண்டர் வராத காலத்தில் விறகுச் சுமைதான் ஏழைக் குடும்பத்துக்கு எரிபொருள், சில சமயம் அதுவே வருமானம். கூரை வேய்வதற்குப் புல் வேண்டும். ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் வேண்டும். பக்கத்தில் மலை இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் கோயிலை நம்பி வளர்ந்த ஊருக்கு, மலை கடவுளாகவும் இருந்தது, விறகுக் கொட்டகையாகவும் இருந்தது.

வெட்டுவதால் மட்டும் காடு சாவதில்லை. நம் ஊர் மரங்கள் பலவற்றை வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். துளிரை ஆடு கடித்தால் மறுபடி துளிர்க்கும். ஆனால் வெட்டிய இடத்தில் வெயில் தரையில் விழுகிறது, புல் ஏறுகிறது. அண்ணாமலையின் சரிவுகளில் எலுமிச்சை வாசனை வீசும் உயரமான புல் நிறைய உண்டு. மாசி, பங்குனியில் அது காய்ந்து நிற்கும்போது ஒரு தீக்குச்சி போதும். புதுப்புல் சீக்கிரம் வரட்டும் என்று வைக்கும் தீயும் உண்டு, அணைக்காமல் எறிந்த பீடியால் வரும் தீயும் உண்டு.

தீ ஓடிய பிறகு நடப்பதுதான் முக்கியம். புல்லின் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், அடுத்த மழைக்கு எழுந்துவிடும். இரண்டடி உயரக் கன்று கருகிவிடும். மறு வருடம் புல் இன்னும் அடர்த்தி, தீ இன்னும் வேகம். இப்படி வருடா வருடம் தீ பார்க்கும் சரிவில் மரம் ஜெயிக்கவே முடியாது. விறகு வெட்டியவர் காலமாகி, அவர் பேரன் கேஸ் அடுப்பில் காபி போடும் காலம் வந்த பிறகும் சரிவு புல்லாகவே நிற்பதற்குக் காரணம் இந்தச் சக்கரம்தான்.

அதே மலையில் ஸ்கந்தாசிரமம் வேறு கதை சொல்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, விரூபாட்ச குகையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பின்னர் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அந்த இடத்தைச் சீர்படுத்தி உருவாக்கியவர் கந்தசாமி என்ற அன்பர். ஊற்றும், மரமும், ஆள் நடமாட்டமும் சேர்ந்து அதைப் பசுமையான திட்டாக ஆக்கின. மொட்டைச் சரிவும் மனிதர் கைவண்ணம், அதன் நடுவே உள்ள நிழலும் மனிதர் கைவண்ணம்.

இரண்டு நிஜத் தீவுகள்

மனிதர் விலகிவிட்டால் காடு தானாகத் திரும்புமா? கடலில் இருக்கும் இரண்டு தீவுகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன.

முதலாவது இலங்கை. அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சுற்றி ஆயிரக்கணக்கான குளங்களை வெட்டி நெல் விளைவித்த நாகரிகம், 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு படிப்படியாகக் கைவிடப்பட்டது. வயல்களைக் காடு எடுத்துக்கொண்டது. இன்று வன்னியிலும் வில்பத்துவிலும் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கும் காட்டைப் பார்ப்பவர்கள், அது ஆதியிலிருந்தே காடு என்று நினைப்பார்கள். உள்ளே நடந்தால் உடைந்த குளக்கரையும் செங்கல்லும் தட்டுப்படும். ஒரு காலத்தில் நாற்று நட்ட நிலத்தில்தான் அங்கே யானை நடமாடுகிறது. மனிதர் வெட்டிய பழைய குளங்களில்தான் இன்றும் பல இடங்களில் விலங்குகள் தண்ணீர் குடிக்கின்றன.

இரண்டாவது, கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ. கரும்புக்கும் காபிக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை அழித்து, 1940களின் இறுதியில் தீவின் பரப்பில் சுமார் 6 சதவீதம்தான் காடு என்ற நிலை. பிறகு மக்கள் விவசாயத்தை விட்டுத் தொழிற்சாலைகளுக்கும் அமெரிக்க நகரங்களுக்கும் போனார்கள். நிலம் சும்மா கிடந்தது, மழை பெய்தது, காடு வந்தது. இன்று தீவில் பாதிக்கு மேல் காடு. ஆனால் பழைய காடு திரும்பவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுவந்த, சிவப்புப் பூ பூக்கும் ஆப்பிரிக்க டூலிப் மரம், கைவிட்ட வயல்களில் பெரிய அளவில் பரவி நிற்கிறது. காபித் தோட்டம் இருந்த இடத்தில், காபிக்கு நிழலாக வளர்த்த மரங்களே இன்னும் காடாக நிற்கின்றன. தோட்டக்காரர் போய்விட்டார், அவர் தேர்ந்தெடுத்த மரம் போகவில்லை.

மலைக்கு என்ன வழி?

அந்த இரண்டு தீவுகளிலும் காட்டுக்கு உதவியவை இரண்டு. விதை கொடுக்கப் பக்கத்தில் எங்கோ மரம் மிஞ்சியிருந்தது, தொந்தரவு நின்றது. அண்ணாமலைக்கு இரண்டுமே சுலபமாகக் கிடைக்கவில்லை. விதை தூரத்தில் இருக்கிறது, தீ வருடா வருடம் வருகிறது. அதனால்தான் இங்கே விதையை மனிதர் சுமந்து வரவேண்டியிருக்கிறது, தீயையும் மனிதரே நிறுத்தவேண்டியிருக்கிறது.

1980களின் இறுதியில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. 2003 முதல் ‘தி ஃபாரஸ்ட் வே’ என்ற அறக்கட்டளை, இந்த மண்ணுக்கு உரிய மரங்களின் விதையைச் சேகரித்து, நர்சரியில் வளர்த்து, மழைக்காலத்தில் மலையில் நடுகிறது. வேலையின் கடினமான பகுதி நடுவது இல்லை. கோடைக்கு முன்னால் சரிவில் நீளமாகப் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடவேண்டும். புகை தெரிந்தால் நேரம் பார்க்காமல் மலை ஏறி, பச்சைத் தழையால் அடித்துத் தீயை அணைக்கவேண்டும். நட்ட கன்று முதல் சில கோடைகளைத் தாண்டினால், அதன் நிழலில் புல் குறையும், மண் ஈரம் நிற்கும், பறவை வந்து உட்காரும். உட்கார்ந்த பறவை, யாரும் நடாத விதையைப் போட்டுவிட்டுப் போகும். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிப்பது அப்போதுதான்.

டிசம்பர் 1

மலைச்சரிவில் என்ன இருக்கிறது என்பது பார்வைக்கு மட்டுமான விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள், அடைமழையில் அண்ணாமலை அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருடம் தீபத்துக்குப் பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை.

அந்தப் பேய்மழைக்குக் காடு ஈடு கொடுத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெரிய மழையில் அடர்ந்த காடும் சரிவதுண்டு. ஆனால் வேர் மேல்மண்ணைப் பிடிக்கிறது, இலையும் சருகும் மழையின் வேகத்தைக் குறைக்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. மலையின் பாதத்தில் வீடு கட்டுவதும் நிலத்தைப் பயன்படுத்தும் ஒரு விதம்தான். விறகு வெட்டிய காலத்தில் மலைக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. இப்போது வேறு இடம் வாங்க வழியில்லாத குடும்பங்கள் மலையின் மடியிலேயே குடியிருக்கின்றன. மேலே புல் கருகினால் கீழே யாருக்குக் கவலை வரவேண்டும் என்ற கேள்விக்கு, வ.உ.சி. நகர் பதில் சொல்லிவிட்டது.

இன்று எழுதுவது

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் அமைந்த வேங்கிக்கால் ஊரிலிருந்து நகரமானது. ஏரிக்கரை வரைக்கும் வீடுகள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் மக்கள். சும்மா கிடக்கும் நிலத்தில் சீமைக் கருவேலம். இவை ஒவ்வொன்றும் இன்னும் நூறு வருடம் கழித்து மலையில் என்ன மரம் நிற்கும் என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டிருக்கின்றன.

வேங்கிக்காலில் ஒரு வீட்டு வாசலில் அசோக மரத்துக்குப் பதில் மகிழ மரம் நின்றால் அதுவும் கணக்கில் சேரும். அருணாசலேசுவரர் கோயிலின் தல விருட்சம் மகிழம்தான். அதன் பழம் பறவைக்கும் வௌவாலுக்கும் சாப்பாடு. வயலுக்கும் மனைக்கும் நடுவே அப்படிப் பத்து மரம் நின்றால், மலைத் தீவுக்குப் போகிற வழியில் பறவைக்குப் பத்து படித்துறை. மலைப்பக்கம் போகிறவர்கள் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் கோயிலோடு நிறுத்திக்கொண்டால், போன ஐப்பசியில் நட்ட கன்றுக்கு இந்தப் பங்குனியைத் தாண்ட ஒரு வாய்ப்பு கிடைக்கும்.