புயலுக்கு முன்பே நடத்த வேண்டிய பாடம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. புயல் வருகிறது என்ற எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. மக்களை முகாம்களுக்குக் கொண்டுசெல்ல அது உதவியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதித் தென்னந்தோப்புகளோ ஒரே இரவில் சாய்ந்தன.

புயலுக்கு முன் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கனத்த அடி ஓலைகளைக் கழித்துவிட்டால் மரத்தின் தலைச்சுமை குறையும். வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும் யோசனைதான் இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமும் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, வேப்பங்குளத்தில் இருக்கிறது. அந்தக் காற்றில் எல்லா மரமும் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், புயல் அறிவித்த பிறகு மரம் ஏறும் ஆளைத் தேடுகிறவருக்கு எந்த யோசனையும் பயன்படாது.

புயலுக்குப் பிந்தைய நாள்களில் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் அதிகம். விழுந்த மரங்கள் தோப்பிலேயே மட்கினால் காண்டாமிருக வண்டு அங்கே பெருகும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். நிவாரணக் கணக்கெடுப்புக்காக மரங்களை அப்படியே போட்டுவைத்துக் காத்திருக்கும் விவசாயி, எஞ்சிய மரங்களையும் இழக்க நேரிடும். நெல் வயலிலும் இதே நிலைதான். தண்ணீரை வடித்த பின் யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இட்டால் பயிர் தேறும். இதை வயல் மூழ்கிய பிறகு கேட்டறிந்து, கடைக்கு ஓடி வாங்கி வருவதற்குள் நாள்கள் போய்விடும்.

வேளாண் இளநிலைப் பட்டப்படிப்பில் சுற்றுச்சூழலும் பேரிடர் மேலாண்மையும் சேர்ந்த ஒரு பாடம் இருக்கிறது. செய்முறை வகுப்பும் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். மண் மாதிரி எடுப்பதையும் விதைநேர்த்தியையும் செய்துகாட்டும் அவர்களை நம் ஊர்களில் பார்க்கிறோம். இந்த இரண்டையும் இணைத்து, டெல்டா, கடலோர மாவட்டங்களில் புரட்டாசியில் ஒரு வாரத்தைப் பேரிடர் முன்னேற்பாட்டுக்கென்றே பல்கலைக்கழகம் ஒதுக்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்தில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. எந்த வடிகால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று விவசாயிகளோடு நடந்து வரைபடம் போடலாம். மரம் ஏறுவோர், மர அறுவை இயந்திரம், டீசல் பம்புசெட் வைத்திருப்போர் ஆகியோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். ஒரு தோப்பில் ஓலை கழித்துக் காட்டலாம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வானிலை சார்ந்த வேளாண் அறிக்கையைப் படித்து, அதன்படி மருந்தடிப்பதா, அறுப்பதா என்று முடிவெடுக்கப் பழக்கலாம். மதிப்பெண்ணையும் இந்த வேலைக்கே கொடுக்கலாம். மாணவர்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எந்த மேடு முதலில் வடியும், எந்த மதகு அடைபடும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். பாடப்புத்தகத்தில் அது இல்லை.

பல ஊர்களைச் சுமக்கும் உதவி வேளாண் அலுவலரால் தனியாக இதைச் செய்ய முடியாது. வேளாண் அறிவியல் நிலையங்கள் மாணவர்களை அவரோடு சேர்த்துவிட வேண்டும். அக்டோபர் 2 கிராமசபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. வடிகால் வரைபடத்தையும் ஆள் பட்டியலையும் அன்றே சபையில் வைத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம்.