தைரியமும் துணிச்சலும்

பையன் மதில்மேல் ஏறிக் குதித்தால், "தைரியசாலிடா நீ!" என்கிறோம். அதே மதிலில் பெண் ஏறினால், "என்ன துணிச்சல் பாரேன் இவளுக்கு!" என்கிறோம். காரியம் ஒன்றுதான், சகோதரிகளே. ஆனால் ஒரு வார்த்தை பாராட்டு, இன்னொன்று வசவு. எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்தல். அதனால் இந்தத் தடவை இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

'தைரியம்' வடமொழிச் சொல். 'தீர' என்பதிலிருந்து பிறந்தது. தீர என்றால் அசையாத, உறுதியான என்று அர்த்தம். ஆக, கலங்காமல் நிலையாக நிற்பதுதான் தைரியம். பாய்வதும் குதிப்பதும் அப்புறம்தான். அஷ்டலக்ஷ்மிகளில் ஒருத்தி தைரியலக்ஷ்மி. நல்லவேளை, தைரியத்தையும் ஒரு பெண் தெய்வத்திடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள்!

'துணிவு' நம் தமிழ்ச் சொல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் பார்த்தால், 'துணி' என்பதற்கு அறுபடுதல், தெளிதல், முடிவு செய்தல் என்று வரிசையாகப் பொருள் வருகிறது. நாம் கொடியில் உலர்த்தும் துணியும் இதே சொல்தான், வெட்டிய துண்டு. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில், 467-ம் குறளில், வள்ளுவர் துணியச் சொல்வது யோசித்த பிறகுதான். முதலில் யோசனை, அப்புறம் சந்தேகத்தைக் கத்தரித்துவிட்டு இறங்குவது. அதே வேரிலிருந்து வந்த 'துணிச்சல்' எப்படியோ வாய்த்துடுக்கு, அடங்காத்தனம் என்ற வாடையோடு நம் வீடுகளில் புழங்குகிறது. அதுவும் பெண்களைச் சொல்லும்போதுதான் அந்த வாடை தூக்கல்!

பேச்சில் இன்னொரு வேடிக்கை. தைரியத்தை நாம் 'சொல்கிறோம்', 'கொடுக்கிறோம்'. "போய் நாலு வார்த்தை தைரியம் சொல்லிட்டு வா" என்கிறோம். "அம்மா இருக்கிற தைரியத்துலதான் ரெண்டாவது பிரசவத்துக்கு பயப்படலே" என்கிறோம். அதாவது, தைரியம் நமக்குள்ளேயே ஊற வேண்டும் என்பதில்லை. பக்கத்து மனுஷியிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தைக்கு ஊசி போடும்போது, "வலிக்கவே வலிக்காது, தைரியமா இரு" என்று நாமெல்லாம் சொல்கிறோம். ஊசி குத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த தடவை டாக்டர் வீட்டு வாசலிலேயே ஊரைக் கூட்டும். "சுருக்குனு வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அழுதால் அழட்டும். அழுதுகொண்டே கையை ஆட்டாமல் காட்டுகிறதே, அந்தக் குழந்தைக்குத்தான் தைரியம் என்று பெயர்.

பெரியவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவளை, "அவ தைரியசாலி" என்று மெச்சுகிறோம். அதிகப்படியான உதிரப்போக்கு, மார்பில் கட்டி, எதையும் வாய் திறக்கமாட்டாள். மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால் வலியில்லையே என்று சும்மா இருப்பது ரொம்பத் தப்பு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது பேதைமை என்று வள்ளுவரே 'அறிவுடைமை' அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

எதிர்வீட்டு அக்கா நாலு மாசமாக ஒரு கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். புருஷன், பிள்ளைகளிடம்கூட மூச்சு விடவில்லை. ஒருநாள் கறிகாய் நறுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கே போலாம், நானும் கூட வரேன், கிளம்புங்கக்கா" என்றேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் சீட்டைக் கையில் கசக்கியபடி உட்கார்ந்திருந்தவர், "நீ வந்த தைரியத்துலதான்டி வந்தேன்" என்றார்.

பரிசோதனையில் வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்துவிட்டது. ஆனால் அந்த நாலு மாசத் தூக்கம் போனது போனதுதான்.