சாவடி வண்டிக்குள் வந்துவிட்டது

கரம்பொன்னிலிருந்து தரைவழியே யாழ்ப்பாணத்துக்குப் போகும் எவரும் பண்ணைக் கடலைக் கடந்தே போகவேண்டும். நான் பாடசாலை மாணவனாக இருந்த 2006, 2007ஆம் ஆண்டுகளில் அவ்வழியே போவதென்றால் பேருந்தை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்றெல்லாம் சொல்லவேண்டியிருந்தது. சாவடியில் இருந்தவர் அதனை நீண்ட கொப்பி ஒன்றில் எழுதிக்கொள்வார். அக்கொப்பிகள் பிறகு எங்கே போயின, யார் கையில் இருக்கின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் நாம் எழுதப்படுகின்றோம் என்ற எண்ணம் எங்கள் நடமாட்டத்தையே மாற்றியது. போகவேண்டிய செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டவர்கள் உண்டு. டியூசன் முடிந்து நண்பன் வீட்டுக்குப் போனால் திரும்பும்போது அதற்கொரு காரணம் சொல்லவேண்டுமே என்றெண்ணி நேரே வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கே பல.

அந்தக் கொப்பியை எனக்கு மீண்டும் நினைவூட்டியது, என் மச்சானின் முச்சக்கரவண்டியில் ஆசனத்துக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்த ஒரு சிறு கறுப்புப் பெட்டி. நெருப்புப் பெட்டியிலும் சற்றுப் பெரியது. வண்டியை லீசிங்கில் கொடுத்த கம்பனி அதைப் பூட்டியிருந்தது. கள்ளர் கொண்டுபோனால் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட பல பக்கங்களில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். சென்ற ஆடி அமாவாசைக்குச் சில நாட்களின் பின் தவணைப் பணம் பிந்தியபோதுதான் அந்தப் பெட்டி எதற்கென்று அவருக்குப் புரிந்தது. "ஓட்டமில்லை, காசில்லை என்கிறீர். அமாவாசையன்று கீரிமலை வரைக்கும் ஓடியிருக்கிறீரே?" என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார் கம்பனி உத்தியோகத்தர். மச்சான் அன்று போனது, மாமாவுக்குத் தர்ப்பணம் செய்ய. வண்டிக்குள் இருந்தவர்கள் மாமியும் இரண்டு பிள்ளைகளும். கூலி ஒரு சதமும் இல்லை. பெட்டி தூரத்தை எழுதியது, தர்ப்பணத்தை எழுதவில்லை.

இது ஒரு லீசிங் கம்பனியின் அற்பத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதே அற்பத்தனத்தை உலகின் பெருங் கார்க் கம்பனிகள் ஒரு வியாபாரமாகவே நடத்தியிருக்கின்றன. அந்த வியாபாரத்தில் கடைசியாகப் பணங்கட்டுபவன் சாரதி. அவன் அதைக் கட்டும் இடம் காப்புறுதிக் கந்தோர்.

2024 மார்ச்சில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஒரு மனிதரின் அனுபவத்தை வெளியிட்டது. சியாற்றில் நகர்ப் பகுதியைச் சேர்ந்த அவர், தம்மால் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை என்று சொல்பவர். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் மின்சாரக் கார் ஒன்றை ஓட்டியவர். 2022இல் அவருடைய காப்புறுதிக் கட்டணம் 21 வீதம் ஏறியது. காரணம் தேடிப் போனவர், லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்னும் தகவல் தரகுக் கம்பனியிடம் தம்மைப் பற்றி இருந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அறிக்கை 258 பக்கம். அதில் 130 பக்கங்களுக்கு மேல், முந்திய ஆறு மாதங்களில் அவரும் அவர் மனைவியும் செய்த 640 பயணங்கள்: புறப்பட்ட நேரம், நிறுத்திய நேரம், ஓடிய தூரம், எத்தனை தடவை சடுதியாகப் பிரேக் பிடித்தார்கள், எத்தனை தடவை வேகத்தைத் திடீரெனக் கூட்டினார்கள் என்ற விபரம் முழுவதும். எழுதியது அவர்கள் காசு கொடுத்துப் பெற்ற கார். அதைச் சேர்த்து விற்றது காரைச் செய்த கம்பனி.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் அக்கம்பனிமீது நடவடிக்கை எடுத்தபோது, சில வாகனங்களின் இருப்பிடம் மூன்று விநாடிக்கொரு தடவை பதியப்பட்டதாகக் குற்றஞ்சாட்டியது. மூன்று விநாடி! எங்கள் சாவடிக்காரர் அடையாள அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்க்க எடுத்த நேரம் அதனிலும் கூட. ஐந்து ஆண்டுகளுக்கு இத்தகைய தகவல்களைத் தரகர்களுக்குக் கொடுக்கலாகாது என்பது கம்பனிக்கு விதிக்கப்பட்ட தடை. ஐந்து ஆண்டு கழிந்தபின்?

இன்னொரு கணக்கையும் வாசகர்கள் அறியவேண்டும். 2024 யூலையில் அமெரிக்க செனற்றர்கள் வைடன், மார்க்கி ஆகிய இருவரும் வெளிப்படுத்திய விபரத்தின்படி, ஹொண்டா கம்பனி 97,000 கார்களின் தகவலை வெரிஸ்க் என்னும் தரகருக்குக் கொடுத்துப் பெற்ற தொகை 25,920 டொலர். ஒரு காருக்கு 26 சதம். ஹியுண்டாய் 17 இலட்சம் கார்களின் தகவலுக்குப் பெற்றது பத்து இலட்சம் டொலருக்குச் சற்று மேல். காருக்கு 61 சதம். ஒரு குடும்பம் பிள்ளையைப் பள்ளியில் விட்ட நேரமும், வைத்தியரிடம் ஓடிய வேகமும், இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய களைப்பும் சேர்ந்து பெற்ற விலை, நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு தேநீருக்குக் கொடுக்கும் காசு. திருடுகிறவன் கூடத் திருட்டுப் பொருளை இவ்வளவு மலிவாக விற்கமாட்டான்.

இவ்வளவையும் ஆசிரியர் அறையில் சொன்னபோது, கணிதம் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "ஒழுங்காக ஓடுகிறவன் குறையக் கட்டட்டும், தறிகெட்டு ஓடுகிறவன் கூடக் கட்டட்டும். இதில் என்ன அநியாயம் தம்பி? ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்படவேண்டும்?" என்றார். மதிப்புக்குரியவர்; அவர் கேள்வியும் மதிப்புக்குரியதே. காப்புறுதிக் கம்பனிகள் எங்கும் சொல்லும் நியாயமும் இதுதான். ஆகவே இதற்கு நின்று பதில் சொல்லவேண்டும்.

காப்புறுதி என்பது என்ன? நம் ஊர்களில் மரண சகாய நிதிச் சங்கங்கள் உண்டு. வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். சாவு விழுந்த வீட்டுக்குச் சங்கம் கைகொடுக்கிறது. யார் வீட்டில் முதலில் சாவு விழும் என்று தெரியாதபடியால்தான் எல்லாரும் கட்டுகிறார்கள். இனி, சங்கத்தின் பொருளாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இந்தக் கிழவருக்கு இருமல், அந்த அம்மாளுக்குச் சலரோகம் என்று குறிப்பெடுத்து, இருமல்காரர் வீடு மூன்று மடங்கு கட்டவேண்டும் என்று சொன்னால் அது சங்கமாக இருக்குமா? ஒருவன் துன்பத்தைப் பலர் தாங்குவது என்ற அடிப்படை போய்விடும். அவனவன் துன்பத்தை அவனவனே முன்பணமாகக் கட்டுவது என்றாகிவிடும். கம்பனிக்கு ஆபத்துக் குறையக் குறைய ஆபத்து முழுவதும் சாரதியின் தலையில் வந்து விழுகிறது. இலாபம் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி, "ஒழுங்காக ஓடுகிறவன்" யார் என்பதைப் பார்ப்போம். பெட்டிக்குத் தெரிந்த ஒழுங்கு இரண்டு மூன்றுதான். சடுதியாகப் பிரேக் பிடித்தால் குற்றம். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை ஊடாகப் பண்ணைக்கு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். பற்றைக்குள்ளிருந்து ஆடு பாயும். கட்டாக்காலி மாடுகள் நடு வீதியில் படுத்து அசைபோடும். சைக்கிளில் வரும் பொடியன் திரும்பிப் பாராமலே குறுக்கே திரும்புவான். அங்கே சடுதியாகப் பிரேக் பிடிப்பவனே நல்ல சாரதி. பிடிக்காதவன் கொலைகாரன். பெட்டி பிரேக்கை எழுதும், ஆட்டை எழுதாது. வீதிக்கு விளக்குப் போடாததும், குழியை மூடாததும் யாருடைய குற்றமோ அவர்களுக்கு ஒரு புள்ளியும் குறையாது.

அடுத்த குற்றம் இரவில் ஓடுவது. இலண்டனில் எங்கள் உறவினர் ஒருவரின் மகன் இருக்கிறான், வயது 21. பகலில் படிப்பு, இரவில் ஒரு பேரங்காடியில் பொருள் அடுக்கும் வேலை. அங்கே இளஞ் சாரதிகளுக்குக் காப்புறுதி எரிக்கும் விலை; "கறுப்புப் பெட்டி" பூட்டச் சம்மதித்தால் குறைப்போம் என்கிறார்கள். சம்மதித்தான். சில மாதத்தில் அவனுக்குக் கடிதம்: நள்ளிரவுக்குப் பிந்திய பயணங்கள் அதிகம், புள்ளி குறைந்துவிட்டது, கட்டணம் திருத்தப்படலாம். வேலை முடிவது அதிகாலை இரண்டு மணிக்கு. அந்நேரத்தில் அவன் இருக்கும் பக்கம் பேருந்தில்லை. அவன் வேறென்ன செய்வான்? பகல் ஒன்பது மணிக்குக் கந்தோருக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் கனவான் "பாதுகாப்பான சாரதி". ஆஸ்பத்திரித் தாதியும், வெதுப்பகத் தொழிலாளியும், விமான நிலையம் கூட்டிப் பெருக்குபவரும் "ஆபத்தான சாரதிகள்". இரவு நேரத்தில் விபத்து ஆபத்துக் கூடுதல் என்பது புள்ளிவிபரப்படி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரவில் வேலை வாங்குகிற முதலாளி அந்த ஆபத்துக்கு ஒரு சதம் கட்டுகிறானா? வர்க்கத்தைக் கேட்காமலே வர்க்கத்தை அளந்துவிடும் தராசு இது.

காப்புறுதிக்காரன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது கணித விதி அன்று. சமுதாயம் எடுக்கும் முடிவு. பெண் சாரதிகளால் விபத்துக் குறைவு என்ற கணக்கைக் காட்டி ஐரோப்பாவில் ஆணுக்கொரு கட்டணம், பெண்ணுக்கொரு கட்டணம் வாங்கினார்கள். 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் பால் வேற்றுமைப்படி கட்டணம் நிர்ணயிக்கலாகாதென்று தீர்த்தது. 2012 டிசம்பரிலிருந்து அது நடைமுறையாயிற்று. கணக்கு அப்படியே இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைதான் பறிக்கப்பட்டது. உலகம் அழிந்துவிடவில்லை.

கருவியே கூடாதென்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அதே ஐரோப்பாவில் 2018 மார்ச் முடிவிலிருந்து, புதிதாக அங்கீகாரம் பெறும் கார் வகைகளில் விபத்து அழைப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அது விபத்து நேரும் வரை உறங்கியிருக்கும். மோதல் நேர்ந்தால் விழித்து அவசர சேவைக்கு இடத்தைச் சொல்லும். உயிர் காக்க இவ்வளவு போதும். மூன்று விநாடிக்கொரு தடவை எழுதவேண்டியது உயிருக்காக அன்று. இ.போ.ச. பேருந்து எங்கே வருகிறதென்று மக்கள் அறிய அதில் கருவி பூட்டினால் அதையும் நான் வரவேற்பேன், அது மக்களின் வண்டி. (அதுவும் எங்கள் தீவுப் பகுதிக்கு ஓடும் பேருந்துகளில் முதலில் பூட்டினால் நல்லது.)

இவையெல்லாம் மேனாட்டுச் சங்கதி, நமக்கேன் என்று கேட்பவர்கள் சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1990களில் பெற்றோல் தடையின்போது வலிகாமத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களுக்குப் புகைவிடத் தெரியும், கதை சொல்லத் தெரியாது. இன்று வரும் கார்கள் தொலைபேசி இணைப்போடு பிறந்தவை. 2023இல் மொசில்லா நிறுவனம் 25 கார் வகைகளின் அந்தரங்கக் கொள்கைகளை ஆராய்ந்து, ஒன்றேனும் தேறவில்லை என்று அறிவித்தது. நம் அயலில் இந்தியாவின் காப்புறுதி ஒழுங்குமுறை அதிகாரசபை, ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பார்த்துக் கட்டணம் விதிக்க 2022 யூலையிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அந்தக் கடலைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இங்கே காவல் என்ன? ஆளுக்குரிய தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஏட்டில் உண்டு. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன, அது பின்போடப்பட்டது. கம்பனிகள் ஆயத்தமாக அவகாசம் வேண்டுமாம். என் மச்சானின் ஆசனத்துக்குக் கீழே பெட்டியைப் பூட்ட அவர்களுக்கு அவகாசம் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி இந்நாட்டில் ஒரு முச்சக்கரவண்டியும் வீதியில் இறங்கமுடியாது. வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு பொருளை விற்பவனுக்கு, வாங்குபவனின் வாழ்வைத் துருவும் உரிமை எங்கிருந்து வந்தது? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாடு ஒரு பொதுக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 2003இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 யூனில் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாதாக்கியது. ஆகவே மக்களுக்குச் சொந்தமான காப்புறுதி நிறுவனம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சாரதியின் நடமாட்டத்தை வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம், அதன்படி கட்டணம் விதிக்கவும் மாட்டோம் என்று முதலில் அது அறிவிக்கட்டும். அதையே எல்லாக் கம்பனிகளுக்கும் விதியாக்கக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவைக் கேட்போம். லீசிங் ஒப்பந்தங்களில் இந்தப் பெட்டி பற்றிய நிபந்தனை தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டும். பூட்ட மறுப்பவனுக்கு வட்டி கூட்டலாகாது. கடன் தீர்ந்த அன்றே எழுதியதெல்லாம் அழிக்கப்படவேண்டும். ஆசிரியர் சங்கங்களில் கார்க் கடன் பற்றிப் பேசும் நாளில் இதையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவர நம்மால் முடியும்.

மச்சானும் நானும் உட்கார்ந்து லீசிங் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். இதுவரை பதியப்பட்ட பயணங்களின் பிரதி வேண்டும், அவை வேறு யாருக்குக் கொடுக்கப்பட்டன என்றும் அறியவேண்டும் என்று கேட்டோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அடுத்த தவணை பத்தாந் திகதி என்ற குறுஞ்செய்தி மாத்திரம் தவறாமல் வந்திருக்கிறது.