நீரிழிவுக்கு ரண சிகிச்சை: யாருக்கு?

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, சேமிப்பு நிதியிலிருந்து பணம் கோரும் மனுக்கள் சில நமது பார்வைக்கு வந்தன. பெண்ணின் திருமணம், வீட்டுக் கூரை, மகனின் கல்லூரிக் கட்டணம் என வழக்கமான காரணங்களே பெரும்பாலானவற்றில் கண்டிருந்தன. ஒரு மனுவில் மட்டும், 'சர்க்கரை வியாதியை அறவே போக்கும் ஆபரேஷன் செலவுக்காக' என்று எழுதியிருந்தது.

மனுதாரர் கோர்வைச் சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். வயது நாற்பத்தாறு. நோய் கண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நிதியில் உள்ளது போதாதென்று, மனைவியின் நகைகளை அடகு வைக்கவும், வீட்டிலுள்ள இரண்டு தறிகளில் ஒன்றை விற்கவும் ஏற்பாடு செய்துவிட்டதாக அவரே சொன்னார். அந்த நிதி எவ்வாறு சேர்ந்தது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளரிடம் பிடித்து, அரசு தன் பங்காக 4 காசு சேர்க்கச் சேர்க்கப் பல ஆண்டுகளில் திரண்ட பணம் அது.

டைரக்டர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. 'வயிற்றை அறுத்தால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை எப்படிப் போகும்? இது ஏமாற்று வேலை' என்றார் ஒருவர். 'அவர் பணம், அவர் உடம்பு. நாம் யார் தடுக்க?' என்றார் மற்றொருவர். இரண்டுமே தவறு என்பது நமது அபிப்பிராயம். இச்சிகிச்சை ஏமாற்று வேலை அன்று. ஆனால் இது எல்லாருக்கும் உரியதும் அன்று. இந்த இரண்டாவது செய்தியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

முதலில், இது என்ன சிகிச்சை என்பதைப் பார்ப்போம். நீரிழிவு கணையத்தின் கோளாறு என்று படித்திருக்கிறோம். ஆகையால் கணையத்தைத்தான் அறுக்கிறார்கள் போலும் என்று பலர் எண்ணுகிறார்கள். கணையத்தில் கத்தி படுவதே இல்லை. ஒரு முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் வடிவில் ஒரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். மற்றொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். உண்ட உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே கீழே இறங்குகிறது.

இதனால் உண்பது குறைந்து உடல் மெலிகிறது. மெலிந்தால் சர்க்கரை குறைகிறது. இது யாருக்கும் விளங்கும். வியப்பு என்னவென்றால், உடல் மெலிவதற்கு முன்பே, சில நாட்களுக்குள்ளாகவே, பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் சென்றடைவதால் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, இன்சுலின் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுகின்றன. சில நாட்கள் உணவு வெகுவாகக் குறைந்ததால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரைகிறது. ஆகவே குடலில் செய்த மாற்றத்துக்குக் கணையம் பதில் சொல்கிறது. 'வயிற்றை அறுத்தால் சர்க்கரை எப்படிப் போகும்' என்று கேட்ட டைரக்டருக்கு இதுவே விடை.

இது நேற்று முளைத்த கொள்கையும் அன்று. சென்னை இராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியது 1954-இல். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்ட நோயாளிகள் மூவரிடம் நீரிழிவு தணிந்ததை அமெரிக்க டாக்டர்கள் கண்டு எழுதினர். அப்போது அதை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், வட கரோலினாவைச் சேர்ந்த டாக்டர் வால்டர் போரிஸ், உடல் பருமனுக்காகத் தாமும் தம் குழுவினரும் ரண சிகிச்சை செய்தவர்களில் நீரிழிவு இருந்த 146 பேரைப் பற்றிய கணக்கை வெளியிட்டார். அவர்களில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. மருத்துவ உலகம் அதன் பிறகே விழித்துக்கொண்டது.

கணக்குப் பார்ப்பது நமது தொழில். ஆகையால் ஐந்தாம் ஆண்டின் கணக்கையும், பத்தாம் ஆண்டின் கணக்கையும் கேட்காமல் விடுவதற்கில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 150 பேரை மூன்று பிரிவாக்கி ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் 6 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கவேண்டும் என்பது இலக்கு. ஐந்தாண்டு முடிவு 2017-இல் வெளிவந்தது. மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 5 பேர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். குடல் மாற்றுப்பாதை அமைக்கப்பட்டவர்களில் 29 பேர். இரைப்பை குறைக்கப்பட்டவர்களில் 23 பேர். மருந்தைக் காட்டிலும் ரண சிகிச்சை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஐந்தாம் ஆண்டில் அந்த இலக்கில் இல்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ரோமாபுரியில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியின் பத்தாண்டு முடிவு 2021-இல் வந்தது: ரண சிகிச்சைக்கு உட்பட்ட 40 பேரில் 15 பேருக்கு நோய் பத்தாண்டுகளும் அடங்கியே இருந்தது. அடங்குவது வேறு, அறவே ஒழிவது வேறு. 'அறவே போக்கும்' என்று மனுவில் கண்ட சொற்கள் விளம்பரத்திலிருந்து வந்தவை. எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வந்தவை அல்ல.

இனி, யாருக்கு என்ற கேள்வி. 2016-இல் பல நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு வரம்பு வகுத்தன. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஆசிய மக்களுக்கு இந்த எண் 37.5-க்கு மேல் இருந்தால் நீரிழிவுக்கு ரண சிகிச்சை தக்கது என்றனர். 32.5-க்கு மேல் இருந்து, மருந்தால் சர்க்கரை கட்டுப்படாவிட்டாலும் தக்கதே. 27.5-க்கு மேல் இருந்து மருந்துக்கு அடங்காவிட்டால் ஆலோசிக்கலாம் என்றனர். 27.5-ஐ இன்னும் தாராளமான வாசலாக்கி 2022-இல் வேறொரு பரிந்துரையும் வந்தது. ஆயினும் அதற்குக் கீழே எவரும் இறங்கச் சொல்லவில்லை. சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் முதல் வகை நீரிழிவுக்கு இது மருந்தும் அன்று.

நமது மனுதாரரின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். அதாவது 165 சென்டிமீட்டர். இந்த உயரத்துக்கு 27.5 என்ற எண் வரவேண்டுமானால் 75 கிலோ எடை இருக்கவேண்டும். சங்கத்தில் பட்டு நிறுக்கும் தராசு இருந்தது. மனிதரை நிறுக்க ஏதுமில்லை. எதிரிலிருந்த அரிசி மண்டிக்கு அவரை அழைத்துச் சென்றோம். மூட்டை நிறுக்கும் தராசில் அவர் நின்றபோது 61 கிலோ காட்டியது. எண் 22-ஐச் சற்றே தாண்டியது. நம் பிரதேசத்தில் பருத்த உடம்பு இல்லாமலே, வயிற்றில் மட்டும் சிறிது கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வருவோர் மிகுதி. குழித்தறியில் காலையில் இறங்கி மாலையில் ஏறும் நெசவாளரிடம் இத்தகைய உடலமைப்பையே நாம் அடிக்கடி காண்கிறோம். அவரிடம் நீக்குவதற்கு என்ன இருக்கிறது? இரைப்பையை நீக்கினால் உணவு குறையும், உடம்பு மேலும் மெலியும், தறியில் உட்காரும் வலு போகும். விற்ற தறி திரும்பாது.

ஆபத்தையும் மறைப்பதற்கில்லை. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பொன்றின்படி, இச்சிகிச்சைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். இது மற்றப் பெரிய ரண சிகிச்சைகளை விட அதிகமன்று. ஆயினும் சைபரும் அன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பருமன் குறைக்கும் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் மாண்டார். அரசு விசாரணை நடத்தியது. தையல் கசிவு, இரத்தப்போக்கு ஆகியவை உடனே வரக்கூடியவை. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, பி-12 ஆகியவற்றின் குறைவு மெல்ல மெல்ல வருவது. அதற்கான மாத்திரைகளை ஆயுள் முழுதும் உண்ணவேண்டும். மாத்திரையிலிருந்து விடுதலை என்று எண்ணிச் செல்பவர் வேறு மாத்திரைகளுக்கு உடன்பட்டுத்தான் செல்கிறார்.

இவ்வளவு சொன்னதால் நாம் இச்சிகிச்சைக்கு விரோதி என்று எவரும் கொள்ளவேண்டாம். உண்மையில், நமக்குக் கோபம் வந்த இடம் வேறு. வாலாஜாபாத் பக்கத்தில் நெல் பயிரிடும் அங்கத்தினர் ஒருவரின் மனைவியை நாம் அறிவோம். வயது முப்பத்தெட்டு, உயரம் ஐந்தடி, எடை 94 கிலோ. எண் 40-ஐத் தாண்டுகிறது. நாள்தோறும் மூன்று வேளை இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. முழங்கால் வலியால் களத்துமேட்டுக்கு நடக்கவும் இயலவில்லை. 'சென்னைக்குச் சென்று ரண சிகிச்சை பற்றிக் கேளுங்கள்' என்று அரசு டாக்டர் இருமுறை சொல்லியும், 'பெண்பிள்ளை வயிற்றில் கத்தி வைப்பதா, ஊர் என்ன சொல்லும்?' என்று வீட்டார் மறுத்துவிட்டனர். அந்த அம்மாளைக் கேட்டவர் யாருமில்லை. தேவையில்லாதவர் தறியை விற்றுக் கத்தியைத் தேடுகிறார். தேவையுள்ளவருக்கு வழிச்செலவுக்கும் வீட்டில் வாய் திறப்பாரில்லை. சென்னை அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய சிகிச்சைகள் நடந்துள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்குமா, எந்த மருத்துவமனையில் அடங்கும் என்பதைக் கேட்டறிந்த பிறகல்லவா நகையைத் தொடவேண்டும்?

இதற்கிடையில், ஒருவரும் விரும்பாத வேறொரு ரண சிகிச்சை நம் தெருக்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. தறிக்குழியில் மிதியை அழுத்தும் வெறுங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் தெரிவதில்லை. புண்ணாகி, அழுகி, விரலை எடுத்து, பின்பு காலையே எடுத்த நெசவாளரை நாம் கண்டிருக்கிறோம். மிதி இல்லாமல் தறி ஏது? கண்ணின் திரை கெட்டால் சரிகை இழை தெரியாது. இரைப்பை ரண சிகிச்சைக்கு ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், காலை மாலை பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சோம்புகிறோம்.

மெலிவினால் வரும் பலனைக் கத்தியின்றியும் ஓரளவு பெறலாம் என்பதற்குச் சான்றுண்டு. 2017-இல் இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் நடந்த ஆராய்ச்சியில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த பருத்த உடம்பினரைச் சில மாதம் கடும் பத்திய உணவில் வைத்தனர். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தின்றி நோய் அடங்கியது. நமது சென்னையிலேயே டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோய் வரும் தறுவாயில் இருந்தவர்களை மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவு வெளியிட்டனர். நடையும் உணவுத் திருத்தமும் கைக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. கைக்கொள்ளாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு வந்தது. வரதராஜப் பெருமாளின் குடலை இட்லியை நாம் குறைசொல்ல வரவில்லை. தறிக்குழியை விட்டு ஏறாமலே காலையில் ஆறு, மாலையில் ஆறு என்று உண்ணும் வீட்டு இட்லியைத்தான் சொல்கிறோம். குடல் ஹார்மோனைப் போன்று வேலை செய்யும் டிர்செபடைட் என்னும் ஊசியும் 2025-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளது. அது யாருக்கு ஏற்றது என்பது டாக்டர் சொல்லவேண்டிய விஷயம்.

மனுவை நாம் தள்ளும்படி சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் நீரிழிவு டாக்டரின் எழுத்து மூலமான அபிப்பிராயத்துடன் வந்தால் பரிசீலிக்கலாம் என்று குறிப்பெழுதினோம். மனுதாரர் முகம் சுளித்தார். பத்து நாள் கழித்துக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குச் சென்று வந்ததாகக் காரியதரிசி தெரிவித்தார். 'உமக்கு அறுக்க ஒன்றுமில்லை' என்று அங்கே சொல்லி, மாத்திரையை மாற்றி, பாதத்தையும் கண்ணையும் சோதிக்கத் தேதி கொடுத்தார்களாம். தறி இரண்டும் இருக்கின்றன.

மருத்துவத்துக்காக நிதி கோரும் ஒவ்வொரு மனுவோடும் இத்தகைய டாக்டர் அபிப்பிராயத்தை இணைக்கவேண்டும் என்று நிர்வாகக் கமிட்டிகள் தீர்மானம் செய்யலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியரை, கூலி பட்டுவாடா நாளில் சங்கத்துக்கே வரும்படி கேட்டுக்கொள்ளலாம். பாவையும் ஊடையையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்து, சேலையாக வந்ததும் மீண்டும் நிறுத்து வாங்கும் சங்கங்களில், அங்கத்தினரை நிறுக்கும் தராசு ஒன்றும், சுவரில் உயரம் குறித்த கோடும் இருப்பது பெரிய செலவன்று. மேற்படி சங்கத்தில் தராசு வாங்கும் விஷயம் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாலாஜாபாத் அம்மாளின் வீட்டுக்கு இம்மாதக் கடைசியில் நாமும் அவ்வூர்ச் சங்கத் தலைவரும் செல்வதாக இருக்கிறோம்.